"என்னத்துக்கு இந்த வாழ்க்கை?" அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசகசாலையில் சாயங்காலங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பேப்பர் படிக்க வருகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். அதில் யாராவது ஒருவர் மற்றவர்கள் போன பிறகும் போகாமல் நின்று, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன், ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை, சாமியாரும் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு யாராவது இதைத் திறந்திருந்தால், மற்றதெல்லாம் அப்புறம், நேராக 3ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. "வாழ்க்கைக்கு அர்த்தம்னு ஒண்ணு உண்டா, இல்லையா? வளைக்காம சொல்லுங்க சார்."

எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஓர் அர்த்தம் உண்டா என்பதில் மகான்களே ஒத்துப்போகவில்லை, அதை நான் இங்கே தீர்த்து வைக்கப் போவதில்லை. ஆனால் ஓர் ஆளுடைய வாழ்க்கையில் அர்த்தம் இருப்பதையும், அது போய்விடுவதையும், சில வருஷம் கழித்துத் திரும்பி வருவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனவே உண்டு என்றுதான் சொல்வேன்.

கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது? "எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தவர்கள்கூட, கொஞ்ச நேரம் பேசினால் ஒரு மாதத்தையோ ஒரு நாளையோ சொல்லிவிடுவார்கள். ரிசல்ட் வந்த நாள், அப்பா இறந்த வருஷம், பிரசவத்துக்குப் பிறகு, துபாயிலிருந்து திரும்பிய பிறகு, ஹாஸ்டலில் சேர்ந்த மாதம். அப்படி ஒரு தேதி கிடைத்துவிட்டால், பிரபஞ்சத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்தது பாதிக்கு மேல் அந்தத் தேதியைப் பற்றிய கேள்வி என்று தெரிந்துவிடும். அதற்கு வழி தேட முடியும். கீழே உள்ள பல பதில்களும் இந்த "எப்போதிலிருந்து" என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

2. "வீடு இருக்கு, வேலை இருக்கு, பிள்ளைய நல்லா படிக்குது. ஆனா ஒண்ணுமே பிடிக்கல்ல. இது கொழுப்பா?"

இல்லை. டால்ஸ்டாய்க்கு ஐம்பது வயதை ஒட்டி இதேதான் வந்தது. உலகம் கொண்டாடும் எழுத்தாளர், பெரிய பண்ணை, மனைவி, நிறைய பிள்ளைகள், நல்ல உடம்பு. அப்படியும் "சரி, இதெல்லாம் எதற்கு, அப்புறம் என்ன?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, அதை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். வசதி இருக்கிறவனுக்குத் துக்கம் வரக்கூடாது என்று சட்டமா என்ன?

நம் மாவட்டத்தில் இது இன்னும் கஷ்டம். படிப்பும் வெளிநாட்டுப் பணமும் வந்து, இரண்டு மாடி வீடும் கட்டியான பிறகு "எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை" என்று வாயைத் திறந்து சொல்ல முடியாது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் படிக்க வைத்தார், நான் இப்படிச் சொல்லலாமா என்ற குற்ற உணர்ச்சி வேறு மேலே ஏறிக்கொள்ளும். அதை முதலில் இறக்கி வையுங்கள். நன்றி இருக்கிற மனசிலும் வெறுமை இருக்கலாம், ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது.

3. "செத்துப் போயிரலாமான்னு தோணுது. யாரிட்ட சொல்ல?"

இதைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம், இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104க்கும் அழைக்கலாம். எப்படி, எப்போது என்கிற அளவுக்கு எண்ணம் போய்விட்டது என்றால் தனியாக இருக்கவே கூடாது. யாரையாவது பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள், 108ஐ அழைத்தோ அவர்களோடு சேர்ந்தோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் இருக்கிற எந்த ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள். ஆபத்தான பொருள் எது கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலும் அதை வேறொருவர் பொறுப்பில் ஒப்படையுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணத்தின் உச்ச வேகம் பெரும்பாலும் நீடிப்பதில்லை, சில மணி நேரத்தில் தணியும். அந்த நேரத்தைக் கடக்க ஒரு ஆள் துணை வேண்டும், அவ்வளவுதான். அர்த்தம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம், நிறைய நேரம் இருக்கிறது.

4. "இது வியாதியா, இல்ல நான் ரொம்ப யோசிக்கிறதுனால வருதா? எப்படிக் கண்டுபிடிக்க?"

முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் டாக்டரிடம் போக வேண்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனசு கனத்தே இருக்கிறதா? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்காமல் போய்விட்டதா? தூக்கம் கெட்டு விடிவதற்கு முன்பே விழிப்பு வருகிறதா, அல்லது எந்நேரமும் தூக்கமா? சாப்பாடு இறங்காமல், குளிக்கக்கூட எழுந்திருக்க முடியாமல், எல்லாம் என் தப்பு என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருக்கிறதா? இதில் பலவும் ஆமாம் என்றால் யோசனையால் வந்தது என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காய்ச்சல்காரனுக்கு எந்தச் சோறும் கசக்கும், சோற்றை மாற்றி மாற்றிச் சமைத்துப் பிரயோஜனம் இல்லை. நோய் இருக்கும்போது வாழ்க்கையைப் பார்த்தால் எதிலும் ருசி இருக்காது, அப்போது எடுக்கும் தீர்ப்பை நம்பக் கூடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு, தினசரிக் குடி, பிரசவத்துக்குப் பிறகு வரும் சோர்வு எல்லாமே இப்படி மனசைத் தாழ்த்தும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டிய விஷயத்துக்காகத் தத்துவப் புத்தகமாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாமே.

அதே சமயம், நன்றாகத் தூங்கி, நண்பனோடு சேர்ந்தால் சிரித்து, வேலையும் பார்த்துக்கொண்டு, "ஆனாலும் எதற்கு?" என்று மட்டும் மனசில் ஓடுகிறதா? அது வியாதியாக இருக்க வேண்டியதில்லை. யோசிக்கிற மனுஷனுக்கு வரும் கேள்வி அது.

5. "மனநல டாக்டரிட்ட போனா ஊருக்குத் தெரியும். தங்கச்சிக்குக் கல்யாணம் நிக்குது. மாத்திரை தொடங்குனா வாழ்நாள் முழுக்க நிறுத்த முடியாதாமே?"

ஊர்ப் பேச்சுக்குப் பயந்து திருவனந்தபுரம் வரைக்கும் போய்ப் பார்க்கிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. பரவாயில்லை, எங்கே போனாலும் சரி, போய்விட்டால் போதும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பதும் 2017 சட்டத்தில் உங்களுக்குள்ள உரிமைதான். தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் கல்யாண வீட்டில் நின்று பந்தி விசாரிக்க வேண்டும், அதற்காகவாவது போங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேறு, தூக்க மாத்திரை வேறு. முதலாவது வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் பிடிக்கும், அதனால் நாலாம் நாளே "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கிப் போடக் கூடாது. அவை போதைப் பழக்கம் உண்டாக்குபவை இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும், டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பலருக்குச் சில மாதங்களில் முடிந்துவிடும், சிலருக்கு நீளும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறோம், அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

6. "நாலு வருஷமா குரூப் ஃபோர் எழுதுதேன். கூடப் படிச்சவனெல்லாம் செட்டில் ஆயிட்டான். வாசகசாலைக்கு வந்து உக்காந்து உக்காந்து எனக்கே மடுத்துப் போச்சு."

மக்களே, இந்தக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடு. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கு மேல். முந்நூறு பேருக்கு ஓர் இடம்கூட இல்லை. அந்த ஒருவன் நீயில்லாமல் போனதால் உன் வாழ்க்கை வீண் என்றால், பாக்கி 299 பேர் வாழ்க்கையும் வீண்தான். அப்படிச் சொல்ல உனக்கே வாய் வராது.

விக்டர் ஃபிராங்கல் என்று வியன்னாவில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார், 1905இல் பிறந்தவர், கீழேயும் அவரைப் பற்றி வரும். 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தபோது, மனமுடைந்து வந்த இளைஞர்களிடம் ஒன்றைக் கவனித்தார். வேலையில்லை என்றால் நான் பயனில்லாதவன், பயனில்லாதவன் என்றால் என் வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்று அவர்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். இளைஞர் சங்கத்திலோ பொது நூலகத்திலோ சம்பளமில்லாத வேலை எதையாவது எடுத்துச் செய்யச் சொன்னார். பசி அப்படியே இருந்தது, பாக்கெட்டில் காசும் வரவில்லை, ஆனால் அந்த மனச்சோர்வு போனது என்று எழுதியிருக்கிறார்.

அதனால் இரண்டு காரியம் செய். பரீட்சைக்கு ஒரு கடைசி வருஷத்தை நீயே குறித்து வீட்டிலும் சொல்லிவிடு, முடிவில்லாத காத்திருப்புதான் ஆளைத் தின்கிறது. அப்புறம், நாலு வருஷம் படித்த கணக்கையும் பொது அறிவையும் உனக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் சொல்லிக் கொடு. அந்த மேசை இங்கேயே இருக்கிறது.

7. "இருபது வருஷம் சவுதியில கெடந்தேன். வந்த பெறகு வீட்டுல நான் ஒரு விருந்தாளி மாதிரி. யாருக்கும் நான் தேவையில்ல."

அங்கே இருந்தபோது வெயிலும் தனிமையும் எத்தனை இருந்தாலும், மாதம் பிறந்தால் பணம் அனுப்ப வேண்டும் என்ற ஒன்று உங்களை நிமிர்த்தி வைத்திருந்தது. அது முடிந்தது. 1ஆம் பதிலில் சொன்ன தேதி உங்களுக்கு விமான டிக்கெட்டிலேயே இருக்கிறது. நீங்கள் இல்லாத வருஷங்களில் வீடு தன் போக்கில் நடக்கப் பழகிவிட்டது, அப்படிப் பழகியதால்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதை உங்கள் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வந்தவுடன் வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுக்கப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். உடம்பு அசையும் வேலை ஒன்று வேண்டும், பத்து மூடு மட்டி வாழை வைத்தாலும் சரி. கூடவே உங்கள் தொழிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஏசி மெக்கானிக்காகவோ வெல்டராகவோ இருபது வருஷம் அங்கே வேலை பார்த்தவருக்குத் தெரிந்தது, போகத் துடிக்கும் பையனுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. பேங்க், பள்ளிக்கூடம் என்று இங்கே ரிடையர் ஆனவர்களுக்கும் இதே பதில்தான்.

8. "ஓகியில போன எனக்க அண்ணன் உடம்புகூடக் கெடைக்கல்ல. கடவுளுக்க சித்தம்னு சொல்லுதாங்க. இதுல என்ன அர்த்தம் இருக்கு?"

அந்தச் சாவில் அர்த்தம் இருக்கிறது என்று உங்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நானும் சொல்ல மாட்டேன். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்தபோது வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதற்குக் காற்றழுத்தமும் உண்டு, மனிதர்கள் செய்யத் தவறியதும் உண்டு. இரண்டையும் சித்தம் என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடினால் கேட்கிறவனுக்கு வலி கூடத்தான் செய்யும்.

உடம்பு கிடைக்காத சாவு தனி வகைத் துக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் மெழுகுதிரி ஏற்றும்போது நீங்கள் எந்தக் குழிமேல் ஏற்றுவது? கதவு தட்டும் சத்தம் கேட்டால் மனசு இன்னும் ஓடிப் பார்க்கும். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லையே, எனக்கு என்ன கோளாறு என்று நினைக்காதீர்கள். கோளாறு உங்களிடம் இல்லை, முடிவு தெரியாத இழப்பு அப்படித்தான் நீளும். வீட்டில் ஒரு படம், ஊரில் பெயர் பொறித்த ஒரு கல், வருஷத்துக்கு ஒரு பூசை என்று கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள், அது உதவுகிறது.

அர்த்தம் என்று நான் பார்த்தது வேறு இடத்தில். அந்த டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். இறந்தவர்களின் சாவுக்கு அதனால் விளக்கம் கிடைத்துவிடவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் செய்த அந்தக் காரியத்துக்கு அர்த்தம் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

9. "கோயிலுக்கும் போறேன், ஜெபமும் பண்ணுதேன், உள்ள ஒண்ணும் தோணல்ல. நம்பிக்கை போயிட்டா அப்புறம் என்ன மிச்சம்?"

அன்னை தெரசா ஏறத்தாழ ஐம்பது வருஷம் கடவுள் தன்னோடு இருப்பதை உணர முடியாமல் தவித்தார் என்பது, அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான் பரவலாகத் தெரிந்தது. அந்த ஐம்பது வருஷமும் விடிகாலையில் எழுந்து நோயாளிகளிடம் போனார். பைபிளிலேயே எல்லாம் மாயை என்று தொடங்கும் பிரசங்கி ஆகமம் இருக்கிறது. அதை யாரும் கிழித்துப் போடவில்லை. சாமித்தோப்பில், அய்யா வைகுண்டரின் பதியில், பள்ளியறையில் கண்ணாடிதான் இருக்கிறது, போய் நிற்கிறவர் பார்ப்பது தன் முகத்தை. ஆக, உங்கள் வெறுமைக்கு எந்த வாசலிலும் இடம் உண்டு, உள்ளே ஒன்றும் தோன்றவில்லை என்பதற்காக வெளியேற வேண்டியதில்லை.

உண்மையாகவே நம்பிக்கை போய்விட்டது என்றாலும் எல்லாம் போய்விடாது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதற்கு ஆன்மிகக் காரணம் கட்டாயம் இல்லை, அவளுக்கு மருந்து வேண்டும் என்பதே போதும். நம்பிக்கை போன துக்கத்தோடு ஊர்த் திருவிழாவும் சொந்தமும் சேர்ந்து போகும்போதுதான் ஆள் உடைந்துபோகிறார். அதனால் சாமி கும்பிடாவிட்டாலும் திருவிழாவில் பந்தல் கட்டப் போங்கள் என்பேன்.

10. "விவேகானந்தர் பாறையில மூணு நாள் உக்காந்துதான் வழி கண்டார். நானும் எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது தனியா போய் உக்காரட்டா?"

1892 டிசம்பரில் அவர் கன்னியாகுமரிக்கு வந்தார், சரி. ஆனால் அதற்கு முன் வருஷக்கணக்கில் நாடெங்கும் அலைந்து பட்டினியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்தப் பாறையில் தனக்கு என்ன தோன்றியது என்று 1894 மார்ச்சில் சிகாகோவிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்: துறவிகள் ஊர் ஊராகப் போய் ஏழை ஜனங்களுக்குக் கல்வி தர வேண்டும் என்ற திட்டம். தன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தேடி உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது வெளியே இருக்கிற ஜனங்கள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே மருத்துவாழ்மலை. நாராயண குரு அதன் குகையில் தவம் இருந்தார், பிறகு இறங்கி வந்து 1888இல் அருவிப்புறத்தில் எல்லாருக்குமாகச் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அய்யா வைகுண்டர் தவம் முடித்து எல்லாச் சாதிக்கும் பொதுவான கிணறு வெட்ட வைத்தார், முத்திரிக்கிணறு இன்றும் இருக்கிறது. தனிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவர்கள் மூவரும் போகும்போதே பிறர் துன்பத்தைச் சுமந்துகொண்டு போனார்கள், திரும்பியும் வந்தார்கள். மனசு தாழ்ந்திருக்கும்போது ஒன்றையும் சுமக்காமல் தனியாக ஓர் அறையில் போய் உட்கார்ந்தால் அந்த நினைப்பே சுற்றிச் சுற்றி வரும், பெரும்பாலும் கேடுதான். 4ஆம் பதிலில் சொன்னவை உங்களுக்குப் பொருந்தினால் தனியாக எங்கும் போகாதீர்கள்.

11. "பிறருக்கு உதவுனா அர்த்தம் வரும்னு நீங்களும் சொல்லுதீங்க. எங்க அம்மா வாழ்நாள் பூரா பிறருக்குத்தான் செஞ்சா. இப்ப வெறுத்துப்போய் சுவரைப் பாத்துக் கிடக்கா."

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, 6ஆம் பதிலையும் 10ஆம் பதிலையும் அப்படியே உங்கள் அம்மாவிடம் கொண்டுபோனால் அது கொடுமை. அவரிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். மாமனார், மாமியார், கணவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக. இதைச் செய்கிறாயா என்று ஒருதடவைகூடக் கேட்கப்படாதவருக்கு அது உதவி இல்லை, உழைப்பு. அதுவும் நன்றிகூட வராத உழைப்பு.

அவருக்கு இன்னொரு கடமையைக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் அடுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு, சின்ன வயசில் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, பதில் வரும்வரை இருங்கள். பாட்டு என்பார், தையல் என்பார், பிறந்த வீட்டுக்குப் போய் நாலு நாள் இருக்க வேண்டும் என்பார். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பதால் டாக்டரிடமும் காட்டுங்கள். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது.

12. "துன்பத்துலயும் அர்த்தம் உண்டுன்னு படிச்சேன். அப்ப குடிச்சிட்டு அடிக்கிற புருஷனைச் சகிச்சிட்டே கெடக்கணுமா?"

கூடாது. அதைச் சொன்னவர் 6ஆம் பதிலில் வந்த ஃபிராங்கல். யூதர் என்பதால் 1942 முதல் 1945 வரை ஆஷ்விட்ஸ் உட்பட நாஜி முகாம்களில் அடைக்கப்பட்டவர், பெற்றோரையும் சகோதரரையும் மனைவியையும் இழந்தவர். தவிர்க்கவே முடியாத துன்பத்தில்கூட, அதை எப்படி எதிர்கொள்வது என்பதில் மனிதனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் மிச்சம் இருக்கிறது என்றார். தவிர்க்க முடிகிற துன்பம் என்றால் அதன் காரணத்தை நீக்குவதுதான் அர்த்தமுள்ள காரியம், தேவையில்லாமல் துன்பப்படுவதில் வீரம் எதுவும் இல்லை என்றும் அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முதல் பாதியை மட்டும் பெண்களிடம் ஓதுகிறவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு.

அடி தவிர்க்க முடிகிற துன்பம். 181 பெண்களுக்கான உதவி எண். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், வீட்டை விட்டு உங்களை வெளியே தள்ளவும் முடியாது.

13. "சூரியனே ஒரு நாள் அணைஞ்சிரும். அப்புறம் நான் என்ன செஞ்சா என்ன?"

சூரியன் இன்னும் சுமார் 500 கோடி வருஷம் எரியும். அதன் பிறகு எதுவும் மிஞ்சாது என்றே வைத்துக்கொள்வோம். தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1971இல் இதற்கு ஒரு பதில் சொன்னார். இப்போது செய்வது எதுவும் பத்து லட்சம் வருஷம் கழித்துப் பொருட்டில்லை என்றால், பத்து லட்சம் வருஷம் கழித்து இருக்கப்போகிற எதுவும் அதே நியாயப்படி இப்போது பொருட்டில்லை. அப்போது பொருட்டில்லை என்பதும் அதில் அடக்கம். இரண்டு தடவை படித்தால் பிடிபடும்.

சிதறால் மலைக்குப் போய்ப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சமணர்கள் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். உலகத்தில் எதுவும் நிலைக்காது என்பதை நம்மைவிட உறுதியாக நம்பியவர்கள் அவர்கள். நம்பிக்கொண்டேதான் உளியைப் பிடித்தார்கள். ஒன்று சொல்கிறேன், இந்தச் சூரியன் கேள்வியோடு வருகிறவர்களிடமும் "எப்போதிலிருந்து" என்று கேட்பேன், அநேகமாக ஒரு பிரிவோ தோல்வியோ வெளியே வரும்.

14. "அர்த்தத்தை நாமளே உண்டாக்கிக்கணும்னா அது நம்மள நாமளே ஏமாத்துறது இல்லையா?"

முழுக்க நாமே உண்டாக்குகிறோம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சிப்பாறை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் அரசு காலத்தில், மிஞ்சின் என்ற பொறியாளர் முன்நின்று 1906இல் முடித்தது. நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை அவர் கற்பனை செய்யவில்லை. அந்தத் தேவை அங்கே கிடந்தது, அவர் அதற்குப் பதில் செய்தார், நூறு வருஷம் தாண்டியும் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் அந்தத் தண்ணீர் பாய்கிறது. எந்தத் தேவைக்குப் பதிலாக நான் நிற்பது என்று தேர்வு செய்வது என் கையில். தேவை என் கற்பனை இல்லை. அழுகிற பிள்ளையைத் தூக்குகிறவள் தன்னை ஏமாற்றிக்கொள்கிறாள் என்று சொல்வீர்களா?

ஏமாற்று நடக்கிற இடமும் உண்டு. வெறுமையை மறைக்க ஒரு தலைவர், ஒரு கும்பல், ஒரு வெறுப்பு என்று பிடித்துக்கொண்டு அதையே வாழ்க்கையின் லட்சியம் என்று சொல்லிக்கொள்வது. எனக்கு அர்த்தம் கிடைக்க இன்னொருவனை எதிரியாக்க வேண்டியிருக்கிறது என்றால் அங்கே நின்றுவிடுங்கள்.

15. "அதெல்லாம் சரி, நாளைக்குக் காலைல எந்திரிச்சு என்ன செய்ய?"

மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். சின்னதாகச் செய்ய ஆரம்பித்தால் மனசு பின்னாலே வரும், மனநல சிகிச்சையிலேயே இது ஒரு முறை. தினம் ஒரே நேரத்தில் எழுந்து, வெயில் படும்படி கொஞ்சம் நடங்கள். உங்களுக்காகக் காத்திருக்கும் ஏதாவது ஒன்று வேண்டும், செடியோ ஆடோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வீட்டுப்பாடமோ. போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள், மற்றவர்கள் வாழ்க்கையை ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்து யாருக்கும் நிம்மதி வந்ததில்லை. குடியை நிறுத்துங்கள், தினமும் குடிக்கிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், திடீர் நிறுத்தம் ஆபத்து. இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் அசையவில்லை என்றால் 4ஐயும் 5ஐயும் திரும்பப் படித்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

16. "எனக்கில்ல, கூட்டுக்காரன் ஒருத்தன் இப்படிப் பேசுதான். நான் என்ன சொல்லணும்?"

சொல்வதைக் குறைத்து, கேட்பதைக் கூட்டுங்கள். "உன்னைவிடக் கஷ்டப்படுறவன் எத்தனை பேர்", "ஆம்பிளை இப்படிப் பேசலாமா", "வீட்டைப் பற்றி நினைச்சுப் பாத்தியா" இந்த மூன்றும் வாயில் வரவே கூடாது, அடுத்த தடவை அவன் உங்களிடம் பேச மாட்டான். சாகலாம் என்று தோணுதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்க ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் 3ஆம் பதிலில் உள்ளதைச் செய்யுங்கள், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கப் பார்த்தால் அந்தச் சத்தியத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் ஓபி சீட்டு எடுத்து வரிசையில் கூட உட்காருங்கள். முதல் வாரம் எல்லாரும் விசாரிப்பார்கள், ஒரு மாதம் கழித்து யாரும் வர மாட்டார்கள். நீங்கள் அந்த மாதம் கழித்துப் போகிறவராக இருங்கள். "இப்ப பரவாயில்ல, மாத்திரையை நிறுத்தப் போறேன்" என்று அவன் சொன்னால், அன்றைக்கும் கூடப் போய் டாக்டரிடம் கேட்ட பிறகு நிறுத்தச் சொல்லுங்கள்.